முதல் முப்பது நாள்

நான் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த துறைக்குக் களையியல் என்று பெயர். வயலில் பயிரோடு சேர்ந்து முளைக்கும் களைகளைப் பற்றிய படிப்பு. பூச்சியியல், பயிர்நோயியல் என்றால் ஊரில் எவருக்கும் உடனே விளங்கும். களையைப் படிக்க ஒரு பட்டமா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பூச்சி விழுந்தால் இலையில் ஓட்டை தெரியும். நோய் வந்தால் பயிர் பழுக்கும், கருகும். களை எந்த அடையாளமும் காட்டாது. பயிருக்குப் பக்கத்திலேயே பச்சைப்பசேலென்று நின்று அதற்குப் போட்ட உரத்தையும் தண்ணீரையும் வெயிலையும் எடுத்துக்கொள்ளும். களத்துமேட்டில் மூட்டை கட்டும் அன்றுதான் குறைந்தது தெரியும். ஜபல்பூரில் இருக்கும் களை ஆராய்ச்சி இயக்குநரகத்தின் விஞ்ஞானிகள் 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பத்து முக்கியப் பயிர்களில் மட்டும் களைகளால் இந்தியா ஆண்டுதோறும் இழப்பது சுமார் 1,100 கோடி அமெரிக்க டாலர். இவ்வளவு பெரிய இழப்பைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் சென்னைக்கு வடக்கே, எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறு, இடையில் பக்கிங்காம் கால்வாய், ரயில் பாதை, தொழிற்சாலைகள். எங்கள் தெருவில் ஏர் பிடித்த கை ஒன்றுகூடக் கிடையாது. சங்கு ஊதினால் ஆண்கள் ஷிஃப்டுக்குக் கிளம்புவார்கள். குப்பத்து ஜனங்கள் முகத்துவாரத்தில் இறால் பிடிப்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உப்பளங்கள். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மண் என்றால் எனக்குத் தெரிந்தது கால் சுடும் கடல் மணலும், உமரி முளைத்துக் கிடக்கும் கழிமுகச் சேறும்தான்.

வயல் என்று நான் பார்த்தது அம்மாவின் ஊரில். பொன்னேரிப் பக்கம். எண்ணூரில் ரயில் ஏறினால், அத்திப்பட்டு தாண்டி மீஞ்சூர் வந்ததும் சன்னலுக்கு வெளியே உப்பளம் போய் நெல் வந்துவிடும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஆண்டுக்கு மூன்று பட்டம் வைக்கிற மண் அது. பெரியம்மா வீட்டுக்குக் கொஞ்சம் சொந்த நிலம் இருந்தது. அது போக மற்றவர் வயலிலும் களை எடுக்கப் போவார். சொர்ணவாரி நடவு முடிந்து களையெடுப்பு நடக்கும் சமயத்தில் எங்களுக்குப் பள்ளி விடுமுறை இருக்கும். பெண்கள் வரிசை கட்டிக் குனிந்து போவதை வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

குதிரைவாலிப் புல்லும் நெல்லும் இளசில் ஒரே மாதிரி இருக்கும். என் கண்ணுக்கு எல்லாமே நாற்றுதான். பெரியம்மா குனிந்து தூரைத் தொட்டதும் விரல் சொல்லிவிடும். பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டே போகும். “நட்டு இருவது நாளுக்குள்ள வயல்ல இறங்கிடணும்டி. அதுக்கப்புறம் எடுக்கிற களை வயலுக்கு அழகு, நெல்லுக்கு ஒண்ணுமில்ல” என்பார். பிற்பாடு நான் முதுகலை ஆய்வேட்டில் அட்டவணைகளாகப் போட்டு எழுதியதன் சாரம் இந்த இரண்டு வரிதான்.

சென்னை மாகாணத்தின் வேளாண் கல்வி 1868இல் சைதாப்பேட்டைப் பண்ணையில் தொடங்கியது. 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. அது பல்கலைக்கழகமாகிச் சில ஆண்டுகள் கழித்து நான் அங்கே சேர்ந்தேன். காத்திவாக்கத்திலிருந்து ஒரு பெண் விவசாயம் படிக்கப் போகிறாள் என்பது தெருவில் பெரிய பேச்சு. “நிலமே இல்லாத வீட்டுப் பொண்ணு எங்க போய் உழப்போகுது?” என்று கேட்டார்கள். அப்பாதான் உறுதியாக நின்றார். இரும்பைப் படித்தவர்களால் ஊர் தொழிற்சாலை ஊராக ஆனது, மண்ணைப் படிக்கவும் ஒருத்தி போகட்டும் என்றார்.

உழவியல் துறையில் நான் முதுகலைக்கு வந்தபோது களை ஆராய்ச்சி நாட்டில் சூடுபிடித்துக்கொண்டிருந்தது. 2,4-டி என்ற களைக்கொல்லி இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு உலகச் சந்தைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லினப் பயிரை விட்டுவிடும் அதன் குணம், களையெடுப்பைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1952இலேயே நெல், கோதுமை, கரும்பு வயல்களின் களைகளை ஆராய ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. 1978இல் அகில இந்திய ஒருங்கிணைந்த களைக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சித் திட்டம் வந்தது. களைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் 1989இல் ஜபல்பூரில் அமைந்தது; அதுவே இன்றைய இயக்குநரகம். எங்கள் தலைமுறை மாணவர்களுக்கு இது புதிய துறை. எங்கே குனிந்தாலும் எழுதப்படாத செய்தி ஒன்று கிடைத்தது.

வகுப்பில் களையைக் கற்றுக்கொள்ள முடியாது. அரை மீட்டருக்கு அரை மீட்டர் இரும்புச் சட்டம் ஒன்று எங்களிடம் இருக்கும். குவாட்ரட் என்போம். பாத்திக்குள் ஏதாவது நான்கு இடத்தில் அதை வைத்து, சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு செடியையும் எண்ண வேண்டும். புல் எத்தனை, கோரை எத்தனை, அகன்ற இலை எத்தனை என்று பிரிக்க வேண்டும். பிறகு தரையோடு அறுத்து, மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, சூளைப்பெட்டியில் எடை மாறாத நிலைக்கு வரும்வரை காயவைத்து நிறுக்க வேண்டும். களையின் உலர் எடைதான் எங்கள் ஆய்வின் அடிப்படை எண். முழங்கால் சேற்றில் முதுகு வளைந்து நின்று எண்ணும்போதுதான் ஒன்று புரிந்தது. களையெடுக்கும் பெண்கள் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் செடிகளை அடையாளம் கண்டு முடிவெடுக்கிறார்கள் என்பது.

பெரியம்மாவின் விரல் சொன்னதற்கு அங்கேதான் எனக்கு விளக்கம் கிடைத்தது. நெல்லின் இலை தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய சவ்வாக ஒரு நாக்கும், இரு பக்கமும் மயிரோடு கூடிய சிறு காதுகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை. அந்த இடம் வழவழவென்று இருக்கும். இதைப் படித்த அன்று பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். அவர் படிக்காமலே கண்டதை நான் லென்ஸ் வைத்துக் கண்டேன்.

என் ஆய்வு நடவு நெல்லில், களை எந்த நாட்களில் பயிரை அதிகமாகப் பாதிக்கிறது என்பது பற்றியது. சில பாத்திகளை நட்ட 15 நாள் வரை, 30 நாள் வரை, 45 நாள் வரை என்று களையில்லாமல் வைத்துவிட்டுப் பிறகு கைவிட்டோம். வேறு சில பாத்திகளில் அதே நாட்கள் வரை களையை வளரவிட்டுப் பிறகு சுத்தம் செய்தோம். ஒரு பாத்தி அறுவடை வரை சுத்தமாக இருக்கும். இன்னொன்று தொடக்கம் முதலே தொடாமல் கிடக்கும். கிடைத்த விடை நாடெங்கும் கிடைத்த விடையோடு ஒத்துப்போனது. நெல்லுக்கு முதல் 30 முதல் 45 நாள்தான் உயிர்நாடி. அந்த நாட்களில் வயல் சுத்தமாக இருந்துவிட்டால், பயிர் தூர்கட்டி நிழல் போட்டு, பின்னால் முளைக்கும் களையைத் தானே அமுக்கிவிடும். அந்த நாட்களைக் கோட்டைவிட்டால், அப்புறம் எவ்வளவு கூலி கொடுத்துச் சுத்தம் செய்தாலும் போன நெல் திரும்பாது. நிலக்கடலைக்கு இந்தக் கெடு ஏறக்குறைய 45 நாள். தொடக்கத்தில் மெதுவாக வளரும் பருத்திக்கு 60 நாள் வரை. கரும்புக்கு மூன்று நான்கு மாதம்.

இந்தத் துறையில் வேறு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாதவர்கள்கூட இந்த ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். எதைக் கொண்டு களையெடுக்கிறோம் என்பது இரண்டாவது கேள்வி. எப்போது என்பதே முதல் கேள்வி. கையோ கருவியோ மருந்தோ, நாள் தவறினால் மூன்றும் வீண்.

எங்கள் ஆய்வேடுகள் எதைப் புரட்டினாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘இருமுறை கைக்களை.’ நட்ட 20ஆம் நாளும் 40ஆம் நாளும் ஆட்களை இறக்கிக் கையால் களையெடுத்த பாத்தி அது. எந்தப் புதிய களைக்கொல்லி வந்தாலும் அந்தப் பாத்தியோடு ஒப்பிட்டுத்தான் அதன் திறனைச் சொல்வோம். மகசூலில் அந்தப் பாத்தி அநேகமாக முதல் வரிசையில் நிற்கும். வரவு செலவுக் கணக்குக்கு வரும்போது கூலி ஏறியிருப்பதால் பின்னுக்குப் போய்விடும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தியக் களையியலின் அளவுகோல் பெயர் தெரியாத பெண்களின் கை. அவர்கள் பெயர் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. என் மாணவர்களின் ஆய்வேடுகளில் நன்றியுரைப் பக்கத்தில் பண்ணைப் பெண்களுக்கு ஒரு வரி எழுதாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

களைக்கொல்லியை நான் எதிர்த்தவள் அல்ல. பியூட்டாகுளோர் நெல் வயலுக்கு வந்த காலத்தில் அதைக் கிராமம் கிராமமாகச் செய்துகாட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஏக்கருக்கு ஒரு லிட்டர். அதை 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து, நட்ட மூன்றாம் நாள், வயலில் விரற்கடை உயரம் தண்ணீர் நிற்கும்போது சீராகத் தூவ வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குத் தண்ணீரை வடிக்கக் கூடாது. மருந்து மண்ணின் மேல் ஒரு படலமாகப் படிந்து, முளைத்து வரும் களையை முளையிலேயே தடுக்கும். இதில் மூன்றாம் நாள் என்பது பத்தாம் நாள் ஆனால் களை மூன்று இலை விட்டிருக்கும், மருந்து வேலை செய்யாது. ‘போன வருஷம் கேட்டுது, இந்த வருஷம் கேக்கலம்மா’ என்று வரும் விவசாயியிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் தேதியில் நட்டீர்கள், எந்தத் தேதியில் தூவினீர்கள் என்பதைத்தான்.

பணியில் எனக்குப் பிடித்த காலம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கழிந்தது. திருவள்ளூர் பக்கத்தில், 1942இல் தொடங்கிய நிலையம். டி.கே.எம். என்று பெயர் தாங்கிய நெல் ரகங்கள் எல்லாம் இந்தத் திரூர்க்குப்பத்து மண்ணில் பிறந்தவை. டி.கே.எம். 6, ஒரு காலத்தில் ஆசியா முழுக்கப் பேர் வாங்கிய ஐ.ஆர். 20 ரகத்துக்குப் பெற்றோரில் ஒன்று. அம்மாவின் ஊருக்குப் பக்கத்திலேயே, அந்த வயல்களின் அதே களைகளோடு வேலை செய்யும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. குதிரைவாலிப் புல், வட்டக் கோரை, ஆராக்கீரை, நீர்க்கிராம்பு, கரிசலாங்கண்ணி. புழுதியில் நேரடியாக விதைத்த சம்பாவில் இன்னும் அதிகம். நடவு வயலில் நெல்லுக்கு மூன்று வார வயது முந்துதல் உண்டு. தேங்கும் தண்ணீரும் களையை அடக்கும். நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. ஆள் கிடைக்காததாலும் தண்ணீர் குறைந்ததாலும் தமிழ்நாட்டு விவசாயி நேரடி விதைப்புக்கு மாற மாற, களை அவருடைய முதல் எதிரியாக ஆகியிருக்கிறது.

புன்செய்க் களைகளில் என்னை வியக்கவைத்தது சுடுமல்லி. சோளத்திலும் கரும்பிலும் வரும் ஒட்டுண்ணி. விதை தூசு போல இருக்கும். மண்ணுக்குள் ஆண்டுக் கணக்கில் உறங்கும். பக்கத்தில் ஒரு வேர் வந்து, அந்த வேர் கசியவிடும் வேதிப்பொருள் தன்னைத் தொட்டால்தான் முளைக்கும். முளைத்ததும் அந்த வேரிலேயே ஒட்டிக்கொண்டு உறிஞ்சத் தொடங்கும். வெளியே தலைகாட்டுமுன்பே சோளம் வாடிவிடும். விதையை எழுப்பும் இந்தப் பொருளை விஞ்ஞானிகள் 1966இல் பிரித்தெடுத்தார்கள், அதுவும் பருத்தி வேரிலிருந்து. பருத்தியில் சுடுமல்லி ஒட்டி வாழ முடியாது. ஆனால் பருத்தி வேர் அதன் விதையை எழுப்பிவிடும். எழுந்த முளை ஒட்ட இடமில்லாமல் செத்துப்போகும். சோளத்துக்குப் பின் பருத்தி போட்டால் மண்ணில் கிடக்கும் சுடுமல்லி விதை குறைகிறது. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1956இல் இந்தக் களை கண்டுபிடிக்கப்பட்டபோது, அதைப் பரவவிடாமல் ஒழிக்கத் தனித் திட்டமே போட்டுப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். கண்ட உடனே தொடங்கியதால்தான் அதை அந்தச் சில மாவட்டங்களோடு நிறுத்த முடிந்தது.

கோரை வேறு வகைப் பாடம் சொன்னது. 1977இல் வெளிவந்த ‘உலகின் மிக மோசமான களைகள்’ என்ற ஆங்கில நூல் முதலிடம் கொடுத்தது நம் தோட்டக்கால் கோரைக்குத்தான். மேலே அறுத்தால் கீழே கிழங்கிலிருந்து வரும். உழுதால் கிழங்குச் சங்கிலி அறுந்து வயல் முழுக்கப் பரவும். ஆனால் கோடையில் ஆழ உழுது கிழங்கை மேலே கொண்டுவந்து வெயிலில் வாட்டினால் அது தாங்காது. விவசாயிகள் சித்திரையில் கோடை உழவு போடுவதன் நியாயம் இதில் இருக்கிறது. மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நம் பட்டமும் உழவும் களைக்கு எதிராக அமைந்தவை. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, சேற்றுழவை இடைவெளி விட்டு இரண்டு முறை போடுவது, பயிரை மாற்றிப் போடுவது எல்லாம் களை நிர்வாகமே.

ஒரே மருந்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே சாட்சி இருக்கிறது. பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் ஃபலாரிஸ் மைனர் என்ற புல்லுக்கு ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்தப் புல் மருந்துக்குக் கட்டுப்படாத நிலை வந்தது. பல விவசாயிகள் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். ஹரியானா வேளாண் விஞ்ஞானிகள் அதைக் கண்டறிந்து எழுதியது உலகக் களையியலுக்கே எச்சரிக்கை ஆனது. நான் வகுப்பெடுத்த ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கதையை முழுதாகச் சொல்லியிருக்கிறேன். மருந்தை மாற்றுங்கள், பயிரை மாற்றுங்கள், கையையும் கருவியையும் கைவிடாதீர்கள் என்பது அதன் முடிவுரை.

மருந்து வந்ததில் சில நன்மைகள் போயின என்பதையும் சொல்ல வேண்டும். களையெடுக்கப் போன பெண்கள் மாலையில் வெறுங்கையோடு திரும்பியதில்லை. மடியில் ஆராக்கீரை இருக்கும், கரிசலாங்கண்ணி இருக்கும், புன்செய்யானால் தொய்யக்கீரை இருக்கும். தலையில் மாட்டுக்குப் புல்கட்டு. வயலுக்குக் களையாக இருந்தது வீட்டுக்கு உணவாகவும் தீவனமாகவும் ஆனது. களைக்கொல்லி தூவிய வயலில் அந்தக் கீரை இல்லை, அந்தக் கூலியும் இல்லை. கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவி ஒற்றை நாற்று நடவோடு பரவியபோது, தள்ளும் வேலை பெரும்பாலும் ஆண்களுக்குப் போனது. கருவியை வடிவமைப்பவர்கள் பெண்ணின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்றபடி அதைச் செய்ய வேண்டும் என்று நான் கூட்டங்கள்தோறும் வற்புறுத்தினேன். இன்றும் அதைத்தான் சொல்வேன். களையெடுப்பின் கடுமையைக் குறைக்கும் விஞ்ஞானம், அதைச் செய்தவளின் பிழைப்பையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

உடல்நலமும் அப்படித்தான். கையுறை இல்லாமல், வாயைத் துணியால்கூட மூடாமல், காற்றுக்கு எதிரே நின்று மருந்து தெளிப்பவர்களை நான் பார்க்காத பட்டம் இல்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி உடலுக்குள் போனால் முறிக்க மருந்து கிடையாது. கிளைஃபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் வகைப்படுத்தியது. அதே ஆண்டு இலங்கை அதைத் தடை செய்து, பிறகு தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. இந்தியா 2022இல் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவன ஆட்கள் வழியாகத்தான் அதைத் தெளிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. ஆனால் கடையில் டப்பாவை வாங்கும் விவசாயிக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? சிபாரிசு எழுதுவதோடு விஞ்ஞானியின் வேலை முடிவதில்லை. தெளிப்பவர் வீட்டுக்கு நலமாகத் திரும்பும்வரை அது நம் பொறுப்பு.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள் என்பது களையியலில் எனக்கு ஒரு தனிப் பார்வை கொடுத்தது. நாட்டின் பெரிய களைகள் பலவும் வெளியிலிருந்து வந்தவை. பார்த்தீனியம் 1950களின் நடுவில் புணேயில் பதிவானது. அமெரிக்காவிலிருந்து வந்த உதவிக் கோதுமையோடு அது வந்தது என்பது பரவலான கருத்து. இன்று அது இல்லாத மாநிலம் இல்லை. மெக்சிகோவிலிருந்து தருவித்த வண்டை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். அது மழைக்காலத்தில் இலையைத் தின்று கட்டுப்படுத்துகிறது. லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்புக் கரைத்துத் தெளிப்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் எளிய சிபாரிசு. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஜபல்பூர் இயக்குநரகம் நாடு முழுக்கப் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. இத்தனையும் செய்தும் பார்த்தீனியத்தை ஒழிக்க முடியவில்லை, அடக்கத்தான் முடிகிறது. முதல் சில ஆண்டுகளில், புணேயைச் சுற்றிச் சில ஏக்கரில் நின்றபோது யாரும் அதைப் பிடுங்கவில்லை.

ஆகாயத்தாமரை அழகுக்கு வந்தது. சீமைக்கருவேலம் 1870களில் விறகுக்கு விதை தருவித்துப் போட்டது. 2006இல் ஆஸ்திரேலியக் கோதுமை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. அந்த ஆண்டுகளில் இறக்குமதியான கோதுமையோடு புதிய களை விதைகள் நுழையக்கூடும் என்ற கவலையில், ஜபல்பூர் மையம் பல மாநில வேளாண் பல்கலைக்கழகங்களைச் சேர்த்து ஒரு தேசியக் கண்காணிப்புத் திட்டம் நடத்தியது. கோதுமை இறங்கிய இடங்கள், ஏற்றிப்போன பாதைகள், சேமித்த கிடங்குகள், மாவு மில்களின் சுற்றுப்புறம் என்று தேடுவதுதான் அந்த வேலை. சாலையோரம் குனிந்து புதுச்செடி தேடும் ஆட்களைப் பார்த்து ஜனங்கள் என்ன தொலைத்தீர்கள் என்று கேட்பார்கள். தொலைக்கக்கூடாது என்பதற்காகவே தேடுகிற வேலை அது. களையியலில் அதைவிட லாபமான வேலை கிடையாது.

ஓய்வு பெற்று நான் காத்திவாக்கத்துக்கே திரும்பினேன். ஆறு நான் விட்டுப்போன ஆறாக இல்லை. கரையெல்லாம் சீமைக்கருவேலம். ஆற்றுக்குள் இன்னொன்று. இறால் பிடிப்பவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா என்ற சிப்பி, தென் அமெரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்தது. கேரளக் காயல்களில் முன்பே பரவியிருந்தது. கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்க வயிற்றில் நிரப்பிக்கொள்ளும் கடல்நீரோடு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சேற்றின் மேல் பாய் விரித்ததுபோல அடர்ந்து ஒட்டிக்கொள்கிறது. இறால் சேற்றுக்குள் இறங்க முடியவில்லை. உள்ளூர் சிப்பிகளுக்கு இடமில்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் கையெல்லாம் கீறல்.

எங்கள் தெருவில் என்னைவிட மூத்த ஒரு மீனவர் என்னிடம் சொன்னார்: “நாங்க மொதல்ல ஒரு கைப்பிடி அளவுதாம்மா பாத்தோம். அப்பவே சொன்னோம், புதுசா ஒண்ணு வந்திருக்கு, என்னான்னு பாருங்கன்னு. இப்ப ஆறே அதுவாப் போச்சு.” அவர் சொன்னது பொன்னேரி வயலில் பெரியம்மா சொன்னதுதான். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தூர்வாருவதற்கு இன்று ஆகும் செலவில், தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்பட்டிருக்காது. நெல் வயலின் முதல் முப்பது நாள் போல ஆற்றுக்கும் ஒரு முதல் காலம் இருந்தது. அந்தக் காலத்தில் கண்டவர்கள் மீனவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்யவும் உடனே இறங்கிச் செயல்படவும் ஓர் அமைப்பு நம்மிடம் இல்லை.

கப்பல்களின் நிலைப்பு நீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 2004இல் கையெழுத்தாகி 2017இல் அமலுக்கு வந்தது. அந்நியத் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கை வெளியிட்டது. இரண்டும் நல்லவை. இவற்றோடு ஒன்று சேர வேண்டும். துறைமுகம் உள்ள ஒவ்வோர் ஊரிலும், மண்ணிலும் தண்ணீரிலும் புதிதாக வருவதை முதல் நாளே கண்டு சொல்ல மீனவர், களையெடுப்பவர், மாணவர் கொண்ட கண்காணிப்புக் குழு வேண்டும். அந்தக் குழு சொன்னதும் கோப்பு நகரக் காத்திருக்காமல் இறங்க ஆளும் நிதியும் வேண்டும். காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் பள்ளிகளிலிருந்து வேளாண்மையும் உயிரியலும் படிக்கப் போகும் பிள்ளைகள் இந்தத் துறையை எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இங்கே பிறந்தவர்களுக்கு வாசலிலேயே பாடம் இருக்கிறது.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வரப்பிலோ வாய்க்காலிலோ தெருமுனையிலோ இதுவரை பார்த்திராத ஒரு செடி முளைத்தால், அது பூத்து விதை விழும் முன் படம் எடுத்து உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்கு அந்த நிலையம் திரூரில் இருக்கிறது.